லட்சங்களில் எஸ்யூவி... உள்ளே மட்டும் 'ஙொய்ங்' சத்தம்! டயர் மாத்தும்போது எதைப் பார்க்கணும்?

கார் புதுசா வந்தப்போ 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் பின் சீட்டில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிந்தது. 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே கார், அதே ஜிஎஸ்டி ரோடு, ஆனால் ஒரு பாட்டு கேட்கணும்னா சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "டயர் தேஞ்சுடுச்சு சார், நாலையும் மாத்திடுங்க" என்கிறார்கள்.

சொகுசு எஸ்யூவி வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 19, 20 அங்குல டயர் நாலு வாங்கினால் பில் சுலபமாக ஒரு லட்சத்தைத் தாண்டும். மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு "சத்தம் குறையலையே" என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. மூணு, நாலு வருஷம் அதோடுதான் வாழணும். இன்னொரு பக்கம், சத்தம் குறையுதுன்னு சொல்லி ஈர ரோட்டில் பிடிப்பு குறைந்த டயரை வாங்கிவிட்டால், ஐப்பசி மழையில் இரண்டு டன் எடையுள்ள வண்டியை நிறுத்த வேண்டிய நேரத்தில் அது தெரியும்.

அப்போ எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

சொகுசு காரில்தான் டயர் சத்தம் அதிகம் தெரியும், ஏன்?

கேட்க முரணாக இருக்கும். ஆனால் உண்மை. சாதாரண காரில் இன்ஜின் சத்தம், காத்துச் சத்தம், ஹாரன் சத்தம் எல்லாம் சேர்ந்து டயர் சத்தத்தை மறைத்துவிடும். சொகுசு எஸ்யூவியில் இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றித் தடிமனான ரப்பர், தரைக்கு அடியில் ஒலித்தடுப்பு என்று எல்லாம் இருக்கும். இன்ஜினும் அமைதி. மற்றதெல்லாம் அடங்கிப் போனதால் மிச்சம் இருக்கும் டயர் சத்தம் தனியாகக் கேட்கிறது. எலெக்ட்ரிக் எஸ்யூவி என்றால் இன்னும் மோசம், மறைக்க இன்ஜினே இல்லை.

வேகமும் ஒரு காரணம். ஊருக்குள் 30, 40 கிலோமீட்டரில் போகும்போது பெரிதாகத் தெரியாது. 50-இல் இருந்து 100-க்கு வேகம் இரட்டிப்பானால் டயர் சத்தம் சுமார் 9 முதல் 10 டெசிபல் வரை கூடும். மனிதக் காதுக்கு 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது போலத் தோன்றும். அதனால்தான் "சிட்டியில ஒண்ணும் தெரியல, ஹைவேல ஏறினா தலைவலி" என்று பலரும் சொல்கிறார்கள்.

முதலில், எந்தச் சத்தம் என்று கண்டுபிடிங்க

டயர் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான். காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் டயர் மாத்துபவர்கள்தான் பிறகு ஏமாறுகிறார்கள்.

கரடுமுரடான தார் ரோட்டில் 'சர்ர்ர்' என்று வந்து, புதுசா போட்ட வழவழப்பான தார் வந்ததும் சட்டென்று அடங்கினால் அது பட்டன் சத்தம். டயரின் பட்டன்கள் ரோட்டில் மோதுவதும், பள்ளங்களுக்குள் மாட்டிய காத்து பிதுங்கி வெளியேறுவதும் சேர்ந்து உண்டாவது. இதன் உச்சம் 1,000 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். மும்பை – புனே, யமுனா விரைவுச்சாலை போன்ற கான்கிரீட் சாலைகளில் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே எந்த டயரும் கொஞ்சம் கத்தத்தான் செய்யும்.

மேம்பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போதோ சின்னப் பள்ளத்தில் இறங்கும்போதோ, இடித்த சத்தத்துக்குப் பின்னால் ஒரு பாத்திரத்தைத் தட்டியது போல 'ஙொய்ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது வேறு. டயருக்குள் அடைபட்டிருக்கும் காத்து ஒரு வளையம் போல அதிர்கிறது. பெரிய எஸ்யூவி டயர்களில் இது 200 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும். கண்ணாடியும் ரப்பரும் இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை, ஏனென்றால் இது காத்து வழியாக வருவதைவிட சக்கரம், சஸ்பென்ஷன், பாடி வழியாகவே உள்ளே வருகிறது.

'வவ்... வவ்... வவ்...' என்று வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், டயர் ஒரே சீராகத் தேயவில்லை என்று சந்தேகப்படலாம். வண்டி நின்றிருக்கும்போது உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப்பல் போலவும் குத்தினால், அலைன்மென்ட் தப்பாக இருந்திருக்கிறது, அல்லது டயர்களை நேரத்துக்கு இடம் மாற்றவில்லை. இதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் இதே கதைதான்.

இன்னொரு முக்கியமான ஆள், வீல் பேரிங். காலி ரோட்டில் சீரான வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பினால் எடை வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது ஊளைச் சத்தம் கூடி, வலது பக்கம் திருப்பும்போது குறைந்தால் வலது பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. ரோடு மாறினால் சத்தம் மாறுவது டயர். ரோடு எதுவானாலும் ஒரே ஊளை என்றால் பெரும்பாலும் பேரிங். லட்ச ரூபாய்க்கு டயர் மாத்திவிட்டு, கடைசியில் பேரிங் என்று கண்டுபிடிப்பது ஒர்க்‌ஷாப்களில் அரிதான கதை இல்லை.

முன், பின் டயர்கள் ஒரே அளவு என்றால் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்க. சத்தமும் இடம் மாறினால், குற்றவாளி டயர்தான்.

டயர் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கு?

உதாரணத்துக்கு 275/45 ஆர்20 110ஒய் எக்ஸ்எல் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 275 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 20 ரிம்மின் அங்குலம். 110 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 1,060 கிலோ வரை தாங்கும். ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை. எக்ஸ்எல், கூடுதல் எடை தாங்கும் வகை.

நம்ம ஊரில் 300-இல் யார் போகப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எடைக் குறியீட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. எஸ்யூவியின் எடை, ஏழு பேர், மேலே லக்கேஜ் எல்லாம் சேர்த்துத்தான் கம்பெனி அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறது. "இது கொஞ்சம் கம்மி ரேட்டிங், ஆனா சைலன்ட்டா இருக்கும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

சில டயர்களில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அது பிஎம்டபிள்யூவுக்காகத் தயாரானது. 'எம்ஓ' என்றால் மெர்சிடிஸ், 'ஏஓ' என்றால் ஆடி. 'எம்ஓ-எஸ்' என்று இருந்தால் மெர்சிடிஸுக்கான, உள்ளே ஒலித்தடுப்பு நுரை வைத்த டயர். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் இந்தக் குறி உள்ள டயரும் இல்லாத டயரும் உள்ளமைப்பில் வேறுபடலாம். கார் வந்தபோது இருந்த அமைதிதான் வேணும் என்றால், பழைய டயரில் இருந்த குறியை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

அகலம் கூடினா சத்தமும் கூடும்

பார்க்க கெத்தாக இருக்கும் என்று பலர் பெரிய ரிம், அகல டயர் போடுகிறார்கள். சத்தம் என்று வந்தால் அது நேர் எதிர்த்திசை. அகலமான டயர் அதிக காத்தைப் பிதுக்கும். பக்கச்சுவர் குட்டையானால் ரோட்டின் அதிர்வை உள்வாங்கும் ரப்பர் குறைகிறது.

ஆடி க்யூ7-ஐ எடுத்துக்கொள்வோம். 255/55 ஆர்19, 285/45 ஆர்20 இரண்டு அளவிலும் இந்தக் கார் வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டு சக்கரத்தின் மொத்த விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 76 சென்டிமீட்டர். அதனால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் வராது. ஆனால் 19 அங்குலத்தில் டயர் 30 மில்லிமீட்டர் ஒல்லி, பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் உயரம். சத்தத்திலும் குலுக்கலிலும் இதுவே பெரிய நிம்மதி. பள்ளத்தில் இறங்கி ரிம் வளையும் பயமும் குறையும்.

அதனால் சத்தம் ரொம்பவே தொந்தரவு என்றால், டயர் பிராண்டைத் துரத்துவதைவிட ஒரு அங்குலம் சின்ன ரிம்முக்கு இறங்குவது பல நேரம் அதிகப் பலன் தரும். ஒரே நிபந்தனை, அந்த அளவு உங்கள் மாடலுக்கும் இன்ஜினுக்கும் கம்பெனி அனுமதித்ததாக இருக்கணும். டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பார்க்கலாம். பிரேக் காலிப்பர் பெரிதாக உள்ள மாடல்களில் சின்ன ரிம் உள்ளே நுழையவே நுழையாது.

ஸ்டார் இருக்கே, அது சத்தத்துக்கா?

இல்லை. இந்தியாவில் டயரில் ஒட்டியிருக்கும் பிஇஇ ஸ்டார் லேபிள், உருளும்போது எவ்வளவு எரிபொருள் மிச்சமாகும் என்பதற்கானது. அஞ்சு ஸ்டார் டயர் அமைதியான டயர் என்று அர்த்தம் இல்லை.

சத்தத்துக்கு இந்தியாவிலும் விதி உண்டு. ஏஐஎஸ் 142 என்ற தரநிலை ஈர ரோட்டுப் பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, உருளும் சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைக்கிறது. புதிய வடிவமைப்பு டயர்களுக்கு 2022 அக்டோபரில் இருந்து இது கட்டாயமானது. ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-இல். ஆனால் இது பாஸ், ஃபெயில் போன்றது. எந்த டயர் எத்தனை டெசிபல் என்று கடையில் நமக்குச் சொல்லாது.

அதற்கு உதவுவது ஐரோப்பிய லேபிள். 2021 மே மாதத்தில் இருந்து அங்கே விற்கும் டயர்களில் ஏ, பி, சி என்ற எழுத்தும் டெசிபல் எண்ணும் இருக்கும். அந்த விவரங்கள் 'எப்ரெல்' என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேணும்னாலும் பார்க்கும்படி இருக்கின்றன. உங்கள் டயரின் பெயரையும் அளவையும் போட்டுத் தேடலாம்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலாவது, எழுத்தைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. அகலமான டயர்களுக்கு வரம்பே தளர்வாக இருக்கிறது. 275-க்கு மேல் அகலமுள்ள எக்ஸ்எல் டயர் 72 டெசிபல் இருந்தாலும் ஏ வாங்கிவிடும். அதே 72 டெசிபலில் 255 அகல எக்ஸ்எல் டயருக்கு பி தான் கிடைக்கும். எழுத்து வேறு, சத்தம் ஒன்று. டெசிபலில் 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது, எனவே 73-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, இன்னும் முக்கியம். அந்த எண் காருக்கு வெளியே அளந்தது. இன்ஜினை அணைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் உருண்டு போகும்போது, பாதையின் நடுக்கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாகும் சத்தம். ரோட்டோரம் நிற்பவருக்கு எவ்வளவு தொந்தரவு என்பதுதான் கணக்கு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் 200 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அது சொல்லாது. ஆகவே 'சர்ர்ர்' சத்தத்துக்கு இந்த எண் நல்ல வழிகாட்டி. 'ஙொய்ங்' சத்தத்துக்கு அல்ல. ஐரோப்பாவில் விற்கும் டயரும் இந்தியாவில் தயாராகும் அதே பெயர் டயரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

நுரை வைத்த டயர் வாங்கலாமா?

டயரின் உள்பக்கத்தில் பாலியூரித்தேன் நுரையை ஒரு பட்டையாக ஒட்டியிருப்பார்கள். கான்டினென்டலில் 'கான்டிசைலன்ட்', மிஷலினில் 'அக்கூஸ்டிக்', பிரெல்லியில் 'பிஎன்சிஎஸ்', குட்இயரில் 'சவுண்ட்கம்ஃபர்ட்' என்று பெயர்கள். வேலை ஒன்றுதான். உள்ளே அதிரும் காத்தை நுரை அடக்கும்.

மேலே சொன்ன சோதனையில் உங்கள் பிரச்சினை ரீங்காரம் என்று தெரிந்தால் இதற்குக் காசு கொடுப்பது சரி. கரடுமுரடு ரோட்டில் வரும் பட்டன் சத்தம்தான் பிரச்சினை என்றால் நுரை பெரிதாக எதுவும் செய்யாது. விற்பவர்கள் இந்த வித்தியாசத்தை அதிகம் விளக்குவதில்லை.

பஞ்சர் விஷயத்தையும் யோசிக்கணும். நுரை உள்ள டயரை உள்ளே இருந்து ஒட்டணும் என்றால் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். திண்டிவனம் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு ஒரு பஞ்சர் கடையில் இதை எதிர்பார்க்க முடியாது. டப்பாவில் வரும் சீலன்ட் திரவத்தையும் நுரை உறிஞ்சிக்கொள்ளும்.

ரன்-ஃபிளாட்டை மாத்தி சாதா டயர் போடலாமா?

பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் ரன்-ஃபிளாட் டயரோடு வருவது உண்டு. காத்து முழுக்கப் போனாலும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம். இதற்காக பக்கச்சுவரைக் கெட்டியாக்கியிருப்பார்கள். அந்தக் கெட்டித்தன்மைதான் பள்ளத்தில் 'டம் டம்' என்று உள்ளே கேட்கிறது. சாதா டயருக்கு மாறினவர்கள் "வேற காரே ஆயிடுச்சு" என்று சொல்வதில் மிகை குறைவுதான்.

ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. மாறுவதானால் நாலையும் சேர்த்து மாத்தணும், ஸ்டெப்னியோ, காத்தடிக்கும் பம்ப்போடு பஞ்சர் கிட்டோ டிக்கியில் இருக்கணும், டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு வேலை செய்யணும். குடும்பத்தோடு இரவுப் பயணம் அதிகம் போகிறவர்கள், ஸ்டெப்னி வைக்க இடமில்லாதவர்கள் ரன்-ஃபிளாட்டிலேயே புதிய தலைமுறை மாடலைப் பார்ப்பது நல்லது. அமைதிக்காக அந்தப் பாதுகாப்பை விடுவதா என்பது வண்டி எங்கே, எப்போ ஓடுது என்பதைப் பொறுத்தது.

அப்போ எந்த வகை வாங்குவது?

ஒரே கம்பெனிக்குள்ளேயே ஸ்போர்ட் வகை, கம்ஃபர்ட் வகை என்று இரண்டு குடும்பம் இருக்கும். மிஷலினில் பைலட் ஸ்போர்ட் என்றால் வளைவுப் பிடிப்புக்கு, பிரைமசி என்றால் சுகமான பயணத்துக்கு. யோகோஹாமாவின் அட்வான் டிபி, குட்இயரின் அஷ்யூரன்ஸ் கம்ஃபர்ட்ட்ரெட் போன்றவை அமைதியை முன்னிறுத்தி விற்கப்படுபவை. பிரிட்ஜ்ஸ்டோனின் அலென்சா, பிரெல்லியின் ஸ்கார்பியன் எஸ்யூவிகளுக்காகவே உள்ள வரிசைகள். அப்போலோ நிறுவனம் 2021-இல் கொண்டு வந்த ரெடஸ்டைன் பிராண்டும் இந்த வட்டத்தில் உண்டு. எல்லா அளவும் எல்லாவற்றிலும் கிடைக்காது. முதலில் அளவு, பிறகு வகை, கடைசியாகத்தான் பிராண்ட்.

முரட்டுப் பட்டன் உள்ள ஆல்-டெரெய்ன் டயரை, ரோட்டிலேயே ஓடும் வண்டிக்குப் போடுவது சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குவது. கொடைக்கானல் போகிற ரோட்டுக்கு அது தேவையில்லை.

கம்ஃபர்ட் டயரில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஈர ரோட்டுப் பிடிப்பு. ஐரோப்பிய லேபிளில் சத்தத்தோடு அதுவும் ஏ முதல் இ வரை எழுத்தாக இருக்கும். ஏ அல்லது பி இருந்தால் மட்டும் மேலே யோசிக்கலாம். ஒரு டெசிபல் குறைவதற்காக சி, டி-க்கு இறங்குவது, எடை மிகுந்த எஸ்யூவிக்கு நல்ல பேரம் இல்லை.

வாங்கும்போது, மாட்டும்போது

2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதிலிருந்து சில பெரிய அளவுகள் கேட்ட உடனே கிடைப்பதில்லை. கிடைப்பது பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் வயசாக வயசாக இறுகும், இறுகினால் சத்தம் கூடும். நாலு டயரிலும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு பணம் கொடுங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கணும். விலை கேட்கும்போது ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான வரி 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஆல்-வீல் டிரைவ் வண்டியில் இரண்டு மட்டும் மாத்துவது ஆபத்தான சிக்கனம். பழைய டயர் தேய்ந்து விட்டம் குறைந்திருக்கும், புதுசு பெரிதாக இருக்கும், இடையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அது கெட்டால் ஆகும் செலவுக்கு முன்னால் இரண்டு டயர் விலை ஒண்ணுமே இல்லை.

பட்டன் அமைப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத டயர்களில் 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டினால் சத்தமும் கூடும், மழையில் பிடிப்பும் கெடும். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அன்றே செய்துவிடணும். காத்து விஷயத்தில் "எல்லாத்துக்கும் 36" என்று அடிக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. கதவு ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும், நாலு பேருக்கும் ஏழு பேருக்கும் தனித்தனி எண் இருக்கும். தேவைக்கு மேல் காத்து இருந்தால் டயர் கல்லு மாதிரி ஆகி சத்தம் கூடும்.

புது டயர் மாட்டியதுமே "ஆஹா, என்ன அமைதி" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. தேய்ந்த டயரோடு ஒப்பிட்டால் எந்தப் புது டயரும் அமைதியாகத்தான் இருக்கும். பழைய டயரைக் கழற்றும் முன், ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, ஒரே ரோட்டில், ஒரே லேனில் 80-இல் போகும்போது, பக்கத்தில் இருப்பவரை செல்போன் டெசிபல் ஆப்பில் அளக்கச் சொல்லுங்க. புது டயர் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே இடத்தில் இன்னொரு முறை, பிறகு 10 ஆயிரம் கிலோமீட்டரில் மூணாவது முறை. இந்த ஆப்கள் தாழ்ந்த ரீங்காரத்தைக் குறைத்தே காட்டும், எனவே எண்ணோடு காதையும் நம்பணும். மூணாவது முறை எண் திடீரென்று ஏறியிருந்தால் டயர் கடைக்குப் போவதற்கு முன், அலைன்மென்ட் கடைக்கு வண்டியை விடுங்க.